ஐந்து நட்சத்திரமா, இரண்டா? டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்'

டெய்லர் ஸ்விஃப்ட்டின் பன்னிரண்டாவது ஆல்பம் 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' 2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை வெளியானது. நியூயார்க்கில் நள்ளிரவு, நமக்குக் காலை 9.30. அமெரிக்க இசைப் பத்திரிகை ரோலிங் ஸ்டோன் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துக் கொண்டாடியது. லண்டனின் கார்டியன் நாளிதழ் இரண்டோடு நிறுத்திக்கொண்டது. இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 5.9 போட்டது. எல்லோரும் கேட்டது அதே பன்னிரண்டு பாட்டு, அதே 41 நிமிடம் 40 நொடி. இவ்வளவு பெரிய இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் இந்த ஆல்பத்தை எடை போட முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசைத் தயாரிப்பு முதல் தரம். பாடல் வடிவம் மிக இறுக்கம். அந்த இறுக்கத்துக்குள் அடங்கும் கரு கிடைத்த பாட்டுகள் நிற்கின்றன; விரிய இடம் கேட்கும் கரு வந்த இடத்தில் பாட்டு உடைகிறது. ஐந்து கொடுத்தவர்கள் நிற்கும் பாட்டுகளை வைத்து எழுதினார்கள், இரண்டு கொடுத்தவர்கள் உடைந்தவற்றை வைத்து எழுதினார்கள். இரண்டும் ஒரே பட்டறையில் ஒரே முறையில் செய்யப்பட்டவை என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அந்தப் பட்டறையில் ஸ்விஃப்ட்டோடு இருந்தவர்கள் இரண்டே பேர், ஸ்வீடனின் பாடலாசிரியர்-தயாரிப்பாளர்களான மேக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும். 2012-ல் 'ரெட்', 2014-ல் '1989', 2017-ல் 'ரெபுட்டேஷன்' என மூன்று ஆல்பங்களில் ஸ்விஃப்ட்டின் பெரிய ஹிட்கள் பல இவர்கள் கைபட்டவை. அமெரிக்க சார்ட்டில் அவருக்கு முதல் நம்பர் ஒன் கிடைத்ததே 2012-ல் இவர்களோடு செய்த பாட்டுக்குத்தான். கன்ட்ரி பாடகி உலக பாப் மேடைக்கு ஏறியதில் இந்த இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பிறகு அவர் ஜாக் ஆன்டனாஃப், ஆரன் டெஸ்னர் என்ற வேறு தயாரிப்பாளர்கள் பக்கம் போய்விட்டார். எட்டு வருடம் கழித்து மறுபடி பழைய கூட்டணி, அதுவும் முதல் தடவையாக ஒரு முழு ஆல்பத்துக்கு. 2024-ல் அவருடைய உலகச் சுற்றுப்பயணமான ஈராஸ் டூர் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தபோது, நிகழ்ச்சிகளுக்கு நடுவே கிடைத்த நாட்களில் ஸ்வீடனுக்குப் போய்ப் பதிவு செய்திருக்கிறார்.

மார்ட்டின் வேலை செய்யும் விதம் பாப் உலகில் பிரசித்தம். மெட்டு வைத்ததுதான் சட்டம். முதல் வரியில் எத்தனை அசையோ, ஜோடி வரியிலும் அத்தனை அசை. ஒன்று கூடினால் வெட்டு, குறைந்தால் நிரப்பு. ஒரு நிமிடம் ஆவதற்குள் கோரஸ், அதாவது நம் பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதி, வந்தாக வேண்டும். சரணத்தில் சொற்கள் நெருக்கமாக ஓடினால் கோரஸில் நீண்ட சுரங்கள் வந்து மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். மெட்டுக்குப் பாட்டெழுதியே வளர்ந்த நம் சினிமாப் பாடலாசிரியர்களுக்கு இந்தக் கெடுபிடி புதிதாகத் தெரியாது. ஸ்விஃப்ட்டின் இயல்போ நேர் எதிர். வரி மெட்டைத் தாண்டி வழிந்து ஓடும். கோரஸுக்கும் கடைசி கோரஸுக்கும் நடுவில் வரும் பிரிட்ஜ் பகுதியில் கதை திடீரென்று உயரும், அங்கேதான் ரசிகர்கள் ஸ்டேடியத்தில் தொண்டை கிழியப் பாடுவார்கள். 2024 ஏப்ரலில் வந்த 'தி டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்' அந்த வழிதலின் உச்சம். முதலில் 16 பாட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மேலும் 15, மொத்தம் இரண்டு மணி நேர இசை. யாராவது கத்தரி போட்டிருக்கக் கூடாதா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். ஒன்றரை வருடத்தில் கத்தரி போட்ட ஆல்பத்தோடு அவர் வந்தார். இப்போது கனம் போதவில்லை என்ற புகார் எழுந்தது. இரண்டு புகாரிலும் உண்மை இருக்கிறது. ஒன்றைச் சரிசெய்யப் போனதில்தான் மற்றொன்று முளைத்தது.

எதிர்பார்ப்பும் ஒரு காரணம். 2025 ஆகஸ்ட்டில், அதே மாதம் பின்னர் அவருக்கு நிச்சயமான அமெரிக்கக் கால்பந்து வீரர் டிராவிஸ் கெல்சியின் 'நியூ ஹைட்ஸ்' பாட்காஸ்ட்டில் ஆல்பத்தை அறிவித்தபோது, காதைவிட்டு இறங்காத மெட்டுகளும் கூர்மையான, செதுக்கிய வரிகளும் இருக்கும் என்று ஸ்விஃப்ட்டே சொன்னார். தலைப்போ ஒரு ஷோகேர்ளின் (மேடை ஆட்டக்காரியின்) மேடைக்குப் பின்னால் நடக்கும் வாழ்க்கையைக் காட்டப்போவதாகச் சொல்கிறது. 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்த ஈராஸ் டூரில் 149 நிகழ்ச்சிகள். அதைச் செய்து முடித்த உடம்பும் மனமும் எப்படி இருந்தன என்று கேட்கத்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டில் அதை நேரடியாகத் தொடுவது கடைசிப் பாட்டு ஒன்றுதான். 'எலிசபெத் டெய்லர்', 'ஃபாதர் ஃபிகர்' இரண்டும் பக்கவாட்டில் உரசிப் போகின்றன. மற்றவை காதல், சண்டை, பழைய நினைவு. பெயருக்கும் சரக்குக்கும் பொருத்தமில்லை என்று எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது.

பாட்டுகளுக்கு வருவோம். ஆல்பத்தின் சிறந்த வேலை நான்காவதாக வரும் 'ஃபாதர் ஃபிகர்'. 1987-ல் ஜார்ஜ் மைக்கேலின் 'ஃபெய்த்' ஆல்பத்தில் வந்த அதே பெயர்ப் பாட்டின் கோரஸ் துண்டு இதில் இருக்கிறது. பழைய ஒலிப்பதிவை வெட்டி ஒட்டவில்லை, அந்த மெட்டையும் சொல்லையும் புதிதாகப் பாடியிருக்கிறார்கள். இதற்கு இன்டர்பொலேஷன் என்று பெயர். அதனால் ஜார்ஜ் மைக்கேலுக்குப் பாடலாசிரியர் வரிசையில் இடம் உண்டு. மூலத்தில் அது காதலனின் கெஞ்சல். இங்கே இசைத் தொழிலில் ஒரு பெரிய மனிதர் புதிதாக வந்த இளம் திறமையைத் தன் சிறகுக்குள் எடுத்துக்கொள்ளும் பேச்சு, மாஃபியா படத்தின் தொனியில். ஸ்விஃப்ட் கீழ் ஸ்தாயியில், கிட்டத்தட்டக் காதில் சொல்வது போலப் பாடுகிறார். தாளம் அடங்கியிருக்கிறது, பாஸ் மெல்ல நகர்கிறது. முதல் பாதியில் அதிகாரம் யார் கையில் என்பதில் சந்தேகமே இல்லை. போகப்போகப் பேசுபவர் யார் என்பது குழம்புகிறது: வளர்த்துவிட்டவரா, வளர்ந்தவரா? கடைசிக் கோரஸ் வரும்போது சுருதி மேலே ஏறுகிறது. அதே சொல், அதே மெட்டு, ஆனால் இப்போது அதிகாரம் கைமாறிவிட்டது. சுருதி மாற்றம் பாப் பாட்டில் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் உற்சாகம் ஏற்றச் செய்யும் வேலை. இங்கே அதுதான் கதையின் திருப்பம். 2019-ல் அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவு உரிமை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கைமாறியதும், 2025 மே மாதம் அவரே அவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டதும் தெரிந்தவர்களுக்கு இந்தச் சுருதி ஏற்றம் இன்னும் ஆழமாக இறங்கும். தெரியாவிட்டாலும் பாட்டு நிற்கிறது. மார்ட்டினின் கணக்கும் ஸ்விஃப்ட்டின் கதை சொல்லும் திறனும் ஒன்றுக்கொன்று உதவியாக வந்து சேர்ந்த இடம் இது. இதைக் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்தில் உழைப்பே இல்லை என்று எழுத எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை.

அடுத்தபடி ஆறாவது பாட்டு, 'ருயின் தி ஃப்ரெண்ட்ஷிப்'. பள்ளிக்கூட நாட்கள், ஒரு பையன்மேல் ஈர்ப்பு, சொன்னால் நட்பு கெட்டுவிடுமே என்று சொல்லாமல் விட்டது. முதல் இரண்டு நிமிடம் இதை ஒரு இதமான பாஸ் கிட்டார் நடையோடு, லேசாகப் பாடிக்கொண்டு போகிறார். பிறகு ஒரு தோழியிடமிருந்து போன் வருகிறது. அவன் இறந்துவிட்டான். கல்லறைக்குப் போய் அன்று சொல்லாததைச் சொல்கிறாள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சாவுச் செய்தி வரும்போது இசை எந்தச் சைகையும் காட்டுவதில்லை. வயலின் கூட்டம் எழும்பி அழச் சொல்வதில்லை, தாளம் நிற்பதில்லை. அதே நடை தொடர்கிறது, அதனால்தான் வலிக்கிறது. கோரஸில் முதலில் குறும்பாகக் கேட்ட அறிவுரை, நட்பு கெட்டாலும் பரவாயில்லை சொல்லிவிடு என்பது, கடைசியில் வேறு பொருளில் வந்து நிற்கிறது. ஆல்பத்தின் குறைகளை வரிசையாக அடுக்கிய ரிவ்யூக்கள் பலவும் இந்தப் பாட்டை ஒரு வரியில் கடந்துபோனது வருத்தம்.

முதல் பாட்டு 'தி ஃபேட் ஆஃப் ஒஃபிலியா' அமெரிக்கப் பாடல் சார்ட்டான ஹாட் 100-ல் முதலிடத்துக்குப் போய்ப் பல வாரம் அங்கே இருந்தது. ஹாம்லெட் நாடகத்தில் தண்ணீரில் மூழ்கிப்போகும் ஒஃபிலியாவின் கதி தனக்கு வராமல் ஒருவன் காப்பாற்றினான் என்பது கரு. அட்டைப் படத்திலும் ஸ்விஃப்ட் தண்ணீருக்குள்தான் கிடக்கிறார். மெர்ட் - மார்கஸ் என்ற புகைப்படக் கலைஞர் ஜோடி எடுத்த படம். ஷேக்ஸ்பியர் படித்தவர்கள் முணுமுணுத்தது நியாயம்தான்: ஒஃபிலியா காதலன் வராததால் மட்டும் சாகவில்லை, அவள் தகப்பனைக் கொன்றதே அந்தக் காதலன்தான். பாட்டு அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் மூன்றே முக்கால் நிமிட பாப் பாட்டுக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லி முடியும் கரு போதும், அது இங்கே இருக்கிறது. டிரம்ஸும் பாஸும் முன்னால் நிற்க, குரல் அவற்றின்மேல் அலட்டாமல் நடக்கிறது. கோரஸ் ஒரு தடவை கேட்டால் நாள் முழுக்க வாயில் வரும்.

'ஓபலைட்' அதே வகை. ஓபல் கல்லைப் போல மனிதர் செய்யும் கண்ணாடிக் கல்லின் பெயர்; மகிழ்ச்சி தானாக வராது, நாமேதான் செய்துகொள்ள வேண்டும் என்ற ஒரே எண்ணம். 1960-களின் பெண் குழுக்களை நினைவுபடுத்தும் அடுக்குக் குரல்கள் கோரஸைத் தூக்கிப் பிடிக்கின்றன. 'எலிசபெத் டெய்லர்' கோரஸில் பாஸ் கனமாக இறங்குவது அருமை, ஆனால் அந்தப் பெயர்கொண்ட ஹாலிவுட் நடிகையின் வாழ்க்கையிலிருந்து இடப்பெயரும் நகைப்பெயரும் தவிர அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி உடைந்தவை. ஸ்விஃப்ட் ரசிகர்களுக்கு ஐந்தாவது டிராக் என்றால் தனி மரியாதை. ஒவ்வொரு ஆல்பத்திலும் நெஞ்சைத் திறந்து காட்டும் பாட்டை அங்கேதான் வைப்பார். இந்தமுறை அங்கே இருப்பது 'எல்டெஸ்ட் டாட்டர்'. பியானோவோடு மெதுவான பாட்டு, நான்கு நிமிடம் ஆறு நொடி. ஆல்பத்திலேயே அதிகம் அடிவாங்கியது இதுதான். கரு மோசமில்லை: இணையத்தில் எல்லோரும் எதற்கும் அசையாதவர்கள் போலக் காட்டிக்கொள்கிறார்கள், நான் அப்படி இல்லை, எனக்கு வலிக்கும், நான் உன்னை விட்டுப் போகமாட்டேன். சிக்கல் சொற்களில். மீம், டிரோல், சாவேஜ் என்று இணையக் கொச்சையில் எழுதிவிட்டு, அதைப் பியானோ மட்டும் துணையிருக்க, ஒவ்வொரு அசையையும் இழுத்துப் பாடுகிறார். கொச்சைச் சொல் வேகத்தில்தான் பிழைக்கும். ராப்பிலோ வேகமான சரணத்திலோ அது வந்ததும் போய்விடும், கேட்பவர் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். மெதுவான பாட்டில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்று நொடி காதில் நிற்கும், எடை தாங்க வேண்டும். இந்தச் சொற்களால் முடியவில்லை. சின்ன வயதின் வெகுளித்தனத்தை நினைத்துப் பார்க்கும் பிரிட்ஜ் பகுதி வரும்போது பாட்டு சரியாகிவிடுகிறது, அங்கே மெட்டும் சொல்லும் கைகோத்துக்கொள்கின்றன. அதுவரை பொறுத்திருக்கப் பலருக்கு மனமில்லை. இந்தப் பாட்டை வேறு கூட்டாளியோடு ஆறு நிமிடத்துக்குச் செய்திருந்தால் தப்பித்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

'கேன்சல்ட்!' வேறு விதத்தில் இடறுகிறது. ஊர் ஒதுக்கிய நண்பர்களோடு நிற்பேன் என்கிறது பாட்டு. எதற்காக ஒதுக்கினார்கள், செய்தது சின்னத் தவறா பெரிய தவறா என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் விசுவாசம் என்று எழுதியது திமிராகக் கேட்கிறது. ஒலி 'ரெபுட்டேஷன்' காலத்து இருட்டு ஒலி. அந்த ஆல்பத்தில் அவர் தனியாக அடிபட்டுக் கிடந்தார், கோபத்துக்கு நியாயம் இருந்தது. இன்று உலகிலேயே பெரிய பாடகி அதே குரலில் பேசினால் கேட்பவர் மனம் அவர் பக்கம் சாயாது.

'ஆக்சுவலி ரொமான்டிக்' விஷயத்திலும் இதேதான். பிரிட்டிஷ் பாப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ் தன் 2024 ஆல்பம் 'பிராட்'டில் வைத்த ஒரு பாட்டுக்கு இது பதில் என்றே பரவலாகப் படிக்கப்பட்டது. ஸ்விஃப்ட் பெயர் சொல்லவில்லை. சார்லியின் பாட்டு தன்னுடைய பாதுகாப்பின்மையைத் தானே ஒப்புக்கொண்ட பாட்டு. அதற்குப் பதிலடி என்று வந்தால் அடி பலவீனமானவர்மேல் விழுந்ததாகவே தெரியும். கிட்டார் நன்றாக இருக்கிறது, 1990-களின் மாற்று ராக் ஒலி. இரண்டே முக்கால் நிமிடத்தில் அந்தச் சண்டைக்கு அவசியம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

'வுட்' இரண்டரை நிமிட டிஸ்கோ ஃபங்க், முழுக்க இரட்டை அர்த்தம். ஆரம்ப கிட்டார் ஜாக்சன் 5-இன் பழைய ஹிட் ஒன்றை நேராக நினைவுக்குக் கொண்டுவருகிறது என்று பலரும் எழுதினார்கள், கேட்டால் உங்களுக்கும் தோன்றும். இசைக்கு ஆடலாம், வரிகளுக்குக் கூசும். வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு கேட்கிறவர்கள் இந்தப் பாட்டையும், கெட்ட வார்த்தை வரும் 'ஃபாதர் ஃபிகர்' முதலான சிலவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு பிளே செய்யுங்கள். ஆப்பில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில 'E' (எக்ஸ்ப்ளிசிட்) குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

'விஷ் லிஸ்ட்' இதமான சின்த் பாட்டு. பிறருக்குப் படகும் விருதும் ரியல் மாட்ரிட் ஒப்பந்தமும் வேண்டும், எனக்கு நீயும் இரண்டு பிள்ளையும் வாசலில் கூடைப்பந்து வளையமும் போதும் என்கிறது. கோடீஸ்வரி எளிமையைப் பாடலாமா என்று சிலர் கோபப்பட்டார்கள். ஆசை எளியதாக இருப்பதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 'ஹனி' சின்ன, அழகான பாட்டு. பிறர் நக்கலாகக் கூப்பிட்ட செல்லப்பெயர் ஒருவன் வாயில் வரும்போது மட்டும் இனிக்கிறது. கடைசிப் பாட்டில் பாப் பாடகி சப்ரினா கார்பெண்டர் சேர்ந்துகொள்கிறார். ஈராஸ் டூரில் பல நாடுகளில் ஸ்விஃப்ட்டுக்கு முன் மேடையேறியவர் அவர். கிட்டி என்ற ஆட்டக்காரி, தன்னைப்போல் ஆக ஆசைப்படும் பெண்ணிடம் இந்த வாழ்க்கை உனக்குத் தெரியாது, வராதே என்கிறாள். கதை வடிவில் நல்ல பாட்டு. தலைப்பு சொன்ன ஆல்பம் இந்த நான்கு நிமிடத்தில் எட்டிப் பார்க்கிறது, பிறகு டூர் கூட்டத்தின் ஆரவாரத்தோடு முடிந்துவிடுகிறது.

மதிப்பெண்களைப் படிக்கும் முறை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பம் விமர்சகர்களிடம் தோற்றது என்ற பேச்சு தமிழ் யூடியூப் வரை வந்துவிட்டது. பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இதன் சராசரி 70-ஐ ஒட்டி நின்றது. அந்தத் தளம் எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை கொடுப்பதில்லை. சிலவற்றுக்குக் கூடுதல், சிலவற்றுக்குக் குறைவு. நட்சத்திரத்தை நூறுக்கு மாற்றும்போது ஐந்து நட்சத்திரம் 100 ஆகும், நான்கு 80, இரண்டு 40. ஐந்து படி மட்டும் உள்ள அளவுகோலில் ஒரு படி இறங்கினாலே இருபது மதிப்பெண் போய்விடும். பிட்ச்ஃபோர்க் தசம புள்ளி வரை கொடுப்பதால் அங்கே 5.9 என்றால் 59. இவற்றைக் கூட்டி வகுத்து வரும் 61 முதல் 80 வரையான எண்ணைத் தளமே 'பொதுவாக நல்ல வரவேற்பு' என்ற கட்டத்தில் வைக்கிறது. ஸ்விஃப்ட்டின் பிற ஆல்பங்களோடு வைத்துப் பார்த்தால்தான் சரிவு தெரியும்: 2020-ன் 'ஃபோக்லோர்' 88, 2022-ன் 'மிட்நைட்ஸ்' 85, முந்தைய 'டார்ச்சர்ட் போயட்ஸ்' 76. அதேசமயம் இன்று பாப் வரலாற்றில் முக்கியம் என்று எல்லோரும் சொல்லும் '1989' அன்று வாங்கியதும் 76-தான், 2017-ன் 'ரெபுட்டேஷன்' 71. ஆகவே முதல் வார எண்ணை வைத்து ஆல்பத்தின் ஆயுளைக் கணிக்க வேண்டாம்.

ஒரே நாளில் எழுதிய ரிவ்யூவையும் ஒரு வாரம் கழித்து எழுதியதையும் ஒரே தட்டில் வைக்கவும் வேண்டாம். 41 நிமிட ஆல்பத்தை இரண்டு மூன்று தடவை ஓட்டிவிட்டு எழுதுகிறவர் காதில் முதலில் பிடிபடுவது மெட்டும் துருத்திக்கொண்டிருக்கும் வரிகளும்தான். 'வுட்' உடனே மாட்டிக்கொள்ளும், 'ருயின் தி ஃப்ரெண்ட்ஷிப்' நழுவிவிடும். விமர்சகர்கள்மேல் வரும் அழுத்தமும் சின்னதில்லை. 2024-ல் 'டார்ச்சர்ட் போயட்ஸ்' பற்றிக் கடுமையாக எழுதிய பேஸ்ட் பத்திரிகை, எழுதியவர் பெயரையே போடவில்லை. 2019-ல் 'லவர்' ஆல்பத்துக்கு ரிவ்யூ எழுதியவருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததைக் காரணமாகச் சொன்னது. பிடித்த பாடகிக்காக விமர்சகரை மிரட்டுவது அந்தப் பாடகிக்கும் செய்யும் கேடு. பெயர் போட்டு எழுதப் பயப்படும் இடத்தில் கிடைக்கும் பாராட்டுக்கும் மதிப்பு குறைந்துவிடுகிறது.

விற்பனை தனிக் கதை. அமெரிக்காவில் முதல் வாரத்தில் 40.02 லட்சம் ஆல்பம் யூனிட். 2015-ல் பாடகி அடெலின் '25' ஆல்பம் படைத்த 34.82 லட்சம் என்ற சாதனை உடைந்தது. இதில் முழு ஆல்பமாக விலைக்குப் போனது மட்டும் ஏறக்குறைய 34.8 லட்சம், அதிலும் வினைல் தட்டு 13.34 லட்சம். மீதி ஸ்ட்ரீமிங் கணக்கு. அமெரிக்க சார்ட்களை வெளியிடும் பில்போர்டின் அப்போதைய விதிப்படி சந்தாதாரர் கேட்ட 1,250 பாட்டு அல்லது விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்ட 3,750 பாட்டு ஒரு ஆல்பம் யூனிட். பன்னிரண்டு பாட்டும் ஹாட் 100-ன் முதல் பன்னிரண்டு இடத்தைப் பிடித்தன. ஆனால் இந்த எண்ணுக்குப் பின்னால் 38 விதப் பதிப்புகள் இருக்கின்றன: சிடி, வினைல், கேசட், டிஜிட்டல் டவுன்லோடு என்று. வண்ணம் வேறு, அட்டை வேறு, உள்ளே வரும் படம் வேறு. சிலவற்றில் ஒன்றிரண்டு பாட்டின் அகூஸ்டிக் வடிவம் கூடுதல். பல பதிப்புகள் குறுகிய நேரம் மட்டும் விற்கப்பட்டு, இப்போது விட்டால் கிடைக்காது என்ற பதற்றத்தை உண்டாக்கின. கைச்செலவுக் காசில் வாங்கும் பதினைந்து வயது ரசிகையிடம் இப்படி விற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பாட்டின் தரத்தைக் குறைத்துச் சொல்ல இது காரணமாகாது. ஆனால் நாற்பது லட்சத்தை நாற்பது லட்சம் மனிதர் என்று படித்துவிடக் கூடாது.

வாங்குவதாக இருந்தால் ஒரே ஒரு பதிப்பு போதும். பாட்டுகள் எல்லாவற்றிலும் அதே பன்னிரண்டுதான், ஸ்ட்ரீமிங்கில் இருப்பதும் அவையே. மினுமினுப்புத் தூள் கலந்த வண்ணத் தட்டு கண்ணுக்கு அழகு. சாதாரணத் தட்டைவிட அத்தகைய தட்டுகளில் மேற்பரப்புச் சரசரப்பு கூடுதலாக வர வாய்ப்புண்டு, மெதுவான பாட்டுகளில் அது காட்டிக்கொடுக்கும். பக்கத்துக்கு ஆறு பாட்டு என்று பிரித்தால் முதல் பக்கம் 22 நிமிடம் 27 நொடி, இரண்டாவது 19 நிமிடம் 13 நொடி. ஒரு தட்டுக்கு இது வசதியான அளவு, ஒலி மட்டத்தைக் குறைத்து வெட்ட வேண்டியதில்லை. பக்கத்தின் கடைசிப் பாட்டு தட்டின் உள்வட்டத்தில் விழும். அங்கே ஒரு சுற்றில் ஊசி கடக்கும் தூரம் குறைவு, 'ச', 'ஷ' ஒலிகள் கீறலாகக் கேட்கும். மென்மையான 'ருயின் தி ஃப்ரெண்ட்ஷிப்' இதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு பெண் குரலும் கைதட்டலும் சேர்ந்த கடைசிப் பாட்டுக்கு ஊசி நன்றாக இருக்க வேண்டும், தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

போனில் கேட்பவர்கள் ஈக்வலைசரில் பாஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள். இந்த ஆல்பத்தில் பாஸ் ஏற்கெனவே தாராளம். இன்னும் ஏற்றினால் 'எலிசபெத் டெய்லர்' கோரஸில் குரல் உள்ளே போய்விடும், 'ஃபாதர் ஃபிகர்' சரணத்தில் அந்தத் தாழ்ந்த குரலின் மூச்சு காணாமல் போகும். முதல் தடவை நான்கு, ஆறு, ஒன்று, மூன்று என்ற வரிசையில் நான்கு பாட்டை மட்டும் கேளுங்கள். மொத்தமே கால் மணி நேரம். இவை பிடிக்கவில்லை என்றால் மீதி எட்டுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். பிடித்திருந்தால் ஷஃபிளை அணைத்துவிட்டு முதலிலிருந்து ஓடவிடுங்கள், ஐந்தாவது பாட்டு வந்ததும் பிரிட்ஜ் வரை பொறுத்திருங்கள்.